கண்டி நகர் ஆசான் லூயி எட்மண்ட் பிளேஸ்

வைகைக் கரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியூர்களிலும் வளர்ந்த நம் மாணாக்கர்க்குச் சடுகுடு புதியதன்று. ஓடுபவனைப் பற்றி நிறுத்தலும், பற்றியவர் பிடியினின்று நழுவிச் செல்லலும் இவ்வூர்ப் பிள்ளைகள் இளமையிலேயே பயிலும் வித்தைகள். அவ்வித்தைகளை ஒரு நீள்வட்டப் பந்தோடு சேர்த்தாற் போன்றதோர் ஆட்டம் ரக்பி. கடலுக்கு அப்பால் நமக்கு அண்மையிலுள்ள இலங்கையில் அதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியதாக்கிய பெருமை லூயி எட்மண்ட் பிளேஸ் என்னும் ஆசிரியரைச் சாரும். அவர்தம் சரித்திரத்தை இங்குச் சுருக்கி வரைகின்றோம்.

பிளேஸ் 1861-ஆம் ஆண்டு கண்டி நகரில், பறங்கியர் என அந்நாட்டில் வழங்கும் சிறுபான்மை வகுப்பில் பிறந்தார். கண்டி டிரினிட்டி கலாசாலையில் பயின்று, கல்கத்தா சர்வகலாசாலையின் பட்டம் பெற்றார். சிலகாலம் இந்தியாவில் உபாத்தியாயராயிருந்து தாய்நாடு திரும்பினார். 1891-இல் கண்டியில் ஆண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். முதல் நாளில் வந்த மாணாக்கர் 11 பேரே. பின்னர் மெதடிஸ்ட் மிஷனைச் சார்ந்து கிங்ஸ்வுட் கலாசாலை எனப் பெயர் பெற்று ஓங்கியது அப்பள்ளியேயாம். இலங்கைப் பள்ளிகளுள் முதன்முதல் ரக்பி ஆடியதும் அதுவே என்பர்.

அக்காலத்து ரக்பி ஆள்வோரின் ஆட்டமாயிருந்தது. நம் நாட்டிலும் 1873-இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் அதற்கென ஒரு சங்கம் கண்டனர். சில ஆண்டுகளில் அது கலைய, சேமிப்பிலிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் 1879 முதல் போட்டியிடும் கல்கத்தாக் கிண்ணம் அதுவே. அதே ஆண்டில் கொழும்பிலும் வெள்ளையர் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தில் நாட்டு மக்களுக்கு இடமில்லை. தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் தமக்கென வைத்துக்கொண்ட ஆட்டத்தை நாட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததே பிளேஸ் செய்த அருஞ்செயல்.

அவ்வாட்டத்தின் விதிகளைச் சிறிது அறிதல் நன்று. பக்கத்திற்கு 15 பேர். பாதிக்கு 40 நிமிஷமாக இரு பாதிகள். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆயின் கையால் எறியுங்கால் முன்னோக்கி எறிதல் கூடாது. முன்னேற விரும்புவோன் பின்வரும் தோழனை நம்பியே முன்னேறல் வேண்டும். பந்தை வைத்திருப்பவனை மட்டுமே பற்றி வீழ்த்தலாம். தோளுக்கு மேல் பற்றுதல் குற்றம். வீழ்ந்தவன் உடனே பந்தை விடல் வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தல் டிரை எனப்படும். இன்று அதற்கு 5 புள்ளி; பிளேஸ் காலத்தில் 3. அதன்பின் கம்பங்களுக்கிடையே குறுக்குக் கம்பத்தின் மேலாக உதைத்தால் இன்னும் 2 புள்ளி உண்டு.

பதினைவருள் எண்மர் முன்னணியினர், எழுவர் பின்னணியினர். சிறு பிழை நேர்ந்தபோது இருபக்க முன்னணியினரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரெதிரே தள்ளுவர், இதுவே ஸ்க்ரம். முதல் வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் காலால் பந்தைத் தன் பக்கம் இழுப்பான். அவனை இருபுறமும் தாங்குவோர் பிராப் இருவர். பின்னின்று உந்துவோர் உயர்ந்த உடலினராகிய லாக் இருவர். விளிம்பில் இணைந்து, விரைந்து விலகி எதிரியை மடக்குவோர் ஃபிளாங்கர் இருவர்; கடைசியில் நிற்பவன் எட்டாம் எண்ணினன். வெளிவரும் பந்தை எடுத்துத் தருபவன் ஸ்க்ரம்-ஹாஃப். அதனை வாங்கி ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவன் ஃபிளை-ஹாஃப். நடுவில் சென்டர் இருவர், ஓரங்களில் அதிவேக விங்கர் இருவர், எல்லோர்க்கும் பின்னே காவலனாக ஃபுல்-பேக். பருத்தவனுக்கும் மெலிந்தவனுக்கும், நெடியவனுக்கும் குறியவனுக்கும் இதில் இடமுண்டு.

பலவகைப் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்த ஓர் ஆசிரியர்க்கு இதனினும் ஏற்ற ஆட்டம் யாது? சிங்களவர், தமிழர், பறங்கியர், சோனகர் எனப் பிரிந்து கிடந்த சமூகத்தில், தோள் கோத்து நின்றாலன்றி நடவாத ஸ்க்ரம் ஒரு பாடமேயாகும்.

1904-இல் டிரினிட்டி கலாசாலைக்குத் தலைவராக வந்த பிரேசர் பாதிரியார் தம் மாணாக்கரையும் ரக்பிக்குத் திருப்பினார். 1906-இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் பொருதன. இலங்கைப் பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் ரக்பிப் போட்டி அதுவே. ஆறுக்கு ஆறாக வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தாம் பயின்ற கலாசாலையும் தாம் நிறுவிய கலாசாலையும் சமமாக நின்ற இம்முடிவு பிளேஸுக்கு உவப்பளித்திருத்தல் கூடும். 1922-இல் நாட்டு மக்களே கொழும்பில் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். இன்றோ இலங்கையில் பள்ளி ரக்பிக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர்.

ஆள்வோரின் ஆட்டத்தை மேற்கொண்டவர் தம் நாட்டை மறந்தாரோ எனின், மறந்திலர். இங்கிலாந்து மன்னர் வரிசையை நெட்டுருச் செய்த பிள்ளைகளுக்காக 1900-இல் இலங்கைச் சரித்திர நூலொன்று எழுதினார். அது பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கிற்று. பிறர் கொணர்ந்ததில் நல்லதைக் கொண்டு, தமதை விடாது காத்தலே அவர்தம் நெறி. 1923-இல் பணியினின்று ஓய்ந்து, 1951-இல் முதிர்ந்த வயதில் மறைந்தார்.

நம் மாணாக்கர்காள்! ரக்பிப் பந்து நம் கைக்கு வாராமற் போகலாம். அதன் முதல் விதி வந்தடைதல் வேண்டும். தான் முன்னேறத் தன் பின்வருவோனை நோக்குபவனே அவ்வாட்டத்தில் சிறந்தவன். பிளேஸ் பெற்ற கல்வியும் அவ்வாறே அவர்க்குப் பின்வந்தோர் கைக்குச் சென்றது. நாம் பெற்றதும் அங்ஙனம் செல்லுமாக.