டாக்டர்களுக்கு முன்பே நர்ஸுகளை உருவாக்கியவர்

பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள நம் வீடுகளில் நீட் கவலைதான் பெரிய கவலை. ஆபரேஷன் என்றால் டாக்டர் மட்டும்தானா? வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் அப்படி நினைக்கவில்லை.

1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷன் குடும்பத்துப் பெண். அப்பாவும் டாக்டர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. ஆண் என்பதால் அப்பாவை வேண்டாமென்றார்கள். மூன்று தாய்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா போய் 1899-இல் டாக்டராகி, மறு வருடம் திரும்பினார்.

1902-இல் வேலூரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி. ஒருவர் இரண்டு கையால் எவ்வளவு செய்வார்? 1903-இல் கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி, 1909-இல் நர்ஸிங் பள்ளி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான்! வங்கியில் தேதி பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இந்த வரிசைதான் கண்ணில் பட்டது. நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்பவே குடும்பங்கள் கூசிய காலம் அது. 1946-இல் அங்கே நர்ஸிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.

இன்று ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்துப் பிரிவு, டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் பி.எஸ்சி. உண்டு. தமிழக அரசு கலந்தாய்வில் இவற்றுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ரிசல்ட் வந்ததும் விண்ணப்பத் தேதியைக் கவனியுங்கள்.