அவ்வை இல்லம் கண்ட அம்மையார்

பெரியோர் சரிதங்களை நாம் படிப்பது அவர்தம் புகழைப் பேசி மகிழ்வதற்கு மட்டுமன்று. அவர்கள் செய்த காரியத்தில் நாம் செய்யாது விட்டது யாது என ஆராய்வதற்குமாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சரிதம், இசை வேளாள மரபினராகிய நம்மை அவ்வாறு ஆராயத் தூண்டுவது.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் தோன்றினார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் நம் குலத்தில் பிறந்தவர். ஆடவர்க்கென்றே இருந்த அக்கல்லூரியில், பலர் ஆட்சேபித்தும், மன்னரின் அனுமதியால் அம்மையார் சேர்ந்து பயின்றார். 1907-இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் புகுந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார்.

பின்னர்ச் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினராக அமர்ந்து, அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறு பெண்களுக்குக் கோயில்களிற் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927-இல் அவர் கொணர்ந்த பிரேரணையைச் சபை ஏற்றது. ஆயினும் எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. சென்னைத் தேவதாசிகள் சங்கம் அமைத்து, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் சர்க்காருக்கு விண்ணப்பம் செய்தனர். தங்கள் கலையும் உரிமையும் பிழைப்பும் ஒருங்கே அழிந்துவிடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை வெறும் பிடிவாதம் என்று நாம் தள்ளிவிடலாகாது. வயிற்றுப்பாட்டிற்கு வேறு வழி காட்டாமல் இருந்த வழியை அடைத்தால் எவருக்கும் அச்சம் உண்டாகத்தானே செய்யும்?

1929-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒருவாறு விடை கூறியது. கோயிற் பணிக்காக மானிய நிலம் பெற்றிருந்த பெண்கள், அப்பணி செய்யாமலே நிலத்தைத் தம்முடையதாக வைத்துக்கொள்ள அது வழி செய்தது. ஆனால் நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்கோ, வீட்டையே விட்டு வெளியேறிய சிறுமிக்கோ அச்சட்டத்தால் என்ன பயன்?

இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 1930-இல், பொட்டுக் கட்டுவதற்கு அஞ்சித் தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை ஏதேனும் ஒரு விடுதியிற் சேர்க்கலாமென்று அம்மையார் முயன்றபோது, பிறப்பைக் காரணமாகக் கொண்டு இடந்தர மறுத்தனர். சட்டம் இயற்றிய கையால் அம்மையார் தம் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். அவ்வாண்டே காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்திருந்த அவருக்கு, இதுவே பெரும்பணி ஆயிற்று.

இங்ஙனம் பிறந்ததே அவ்வை இல்லம். 1936-இல் அது அடையாற்றுக்கு மாறியது. தங்க இடமும் உண்ண உணவும் அளிப்பதோடு அம்மையார் நின்றாரில்லை. படிப்பும் கைத்தொழிலும் கற்பித்து, தம் காலில் தாமே நிற்கும் வன்மையை அப்பெண்களுக்கு உண்டாக்கினார். யார் மகள், என்ன குலம் என்ற கேள்வி அவ்வில்லத்து வாயிலில் எழவில்லை. இன்றும் பெசன்ட் அவென்யூவில் அவ்வில்லமும் பள்ளியும் நடைபெற்று வருகின்றன.

1947-இல் ஓமந்தூரார் மந்திரிசபையின் காலத்தில் பொட்டுக்கட்டு முற்றிலும் தடுக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், 1954-இல் அடையாற்றிலேயே புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் நிறுவினார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இனி நம் கடமையைச் சிறிது சிந்திப்போமாக. அம்மையாரை நம் குலவிளக்கு என்று விழாக்களிற் போற்றுகிறோம். அவரோ, குலம் பார்த்துக் கதவடைத்தவர்களுக்கு மாற்றாகவே தம் இல்லத்தை அமைத்தவர். வீடிழந்த சிறுவர் சிறுமியர் இன்றும் சென்னைக்கு வருகின்றனர். அவர்களைக் காக்க 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞர்க்கு மேலும் சில ஆண்டுகள் துணை செய்யவும் அச்சட்டம் இடந்தருகிறது. ஆயினும் அந்த இளைஞர்க்கு வாடகைக்கு ஓர் அறை கொடுப்பதும், ஒரு தொழிலிற் சேர்த்துவிடுவதும் சட்டத்தால் மட்டும் ஆகுமோ? அவை நம்போன்ற இல்லறத்தாரின் கையில் உள்ளவை.

நம் சங்கத்துக் கல்வி நிதியில் ஒரு பங்கேனும், குலம் கேளாமல், அத்தகைய பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுமாயின், அதுவே அம்மையாருக்கு நாம் எடுக்கும் சிறந்த விழாவாகும். அன்பர்கள் இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்வார்களாக.