ஹஜ்ஜுப் பாதையை எடைபோட்ட பிரயாணி இப்னு ஜுபைர் (ரஹ்)

உலகம் சுற்றிய முஸ்லிம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருபவர் இப்னு பதூதா. அவர் புறப்படுவதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பே, அதே மேற்குத் திசையிலிருந்து கிழக்கே பிரயாணம் செய்து, தாம் கண்டவற்றைத் தேதி போட்டு எழுதி வைத்த பெரியார் ஒருவர் இருந்தார். மக்கா, திமிஷ்க் நகரங்களைப் பற்றி இப்னு பதூதாவின் நூலில் நாம் படிக்கும் வருணனைகளில் கணிசமான பகுதி அவருடைய ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதே. அவர்தாம் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 540, அதாவது 1145-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு வலன்ஸியா நகரில் அன்னார் பிறந்தார்கள். மார்க்கக் கல்வியும் கவித்திறனும் வாய்க்கப் பெற்று, கிரனாடாவை ஆண்ட முவஹ்ஹித் கவர்னரிடம் காரியதரிசியாக அமர்ந்தார்கள்.

அவர்களின் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சியைப் பிற்கால வரலாற்றாசிரியர் மக்கரீ குறித்து வைத்திருக்கிறார். மது அருந்திக்கொண்டிருந்த கவர்னர் ஒரு நாள் இவர்களுக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார். தாம் ஒருபோதும் அதைத் தொட்டதில்லை என்று இவர்கள் மறுத்தார்கள். கவர்னரோ விடவில்லை, ஏழு கிண்ணம் குடித்தே ஆகவேண்டும் என்று சத்தியமிட்டு விட்டார். அதிகாரத்துக்கு அஞ்சி இவர்கள் குடிக்க நேர்ந்தது. பின்னர் கவர்னர் மனமிளகி, அதே கிண்ணத்தில் ஏழு முறை பொற்காசு நிரப்பி இவர்களின் மடியில் கொட்டினார். அந்தப் பொன்னை இவர்கள் சுகத்துக்குச் செலவிடவில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக ஹஜ்ஜுச் செய்வதென நிய்யத் வைத்தார்கள்.

ஹிஜ்ரி 578 ஷவ்வால் மாதம், 1183 பிப்ரவரியில், மருத்துவ நண்பர் ஒருவருடன் கிரனாடாவை விட்டுப் புறப்பட்டார்கள். ஸப்தா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர்களின் கப்பலேறி, முப்பது நாள் கடலில் கழித்து அலெக்சாந்திரியாவை அடைந்தார்கள்.

அங்கே முதல் சோதனை. சுங்க அதிகாரிகள் ஹாஜிகளின் மூட்டைகளைக் கலைத்தார்கள். இடுப்பில் கைவிட்டுத் தேடினார்கள். ஓராண்டு பூர்த்தியானதா என்று கேளாமலே ஜகாத் கேட்டார்கள். நெரிசலில் பலருடைய பொருள்கள் காணாமல் போயின. இது சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாளும் பொறுத்திருக்க மாட்டார் என்று இப்னு ஜுபைர் எழுதினார்கள். ஆனால் அதே நகரில் வெளியூர் ஏழைகளுக்குத் தங்குமிடமும், குளியலறையும், வைத்தியசாலையும், தினசரி ரொட்டியும் சுல்தான் ஏற்படுத்தியிருந்ததையும் எழுத அவர்கள் மறக்கவில்லை. குறையைக் கண்ட கோபத்தில் நிறையை மறைக்காததே அன்னாரின் தனிச் சிறப்பு.

நைல் நதி வழியாக கூஸ் நகர் சென்று, அங்கிருந்து பாலைவனம் கடந்து, செங்கடல் ஓரத்து ஐதாப் துறைக்கு வந்தார்கள். அங்குள்ள படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள். மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. படகுக்காரர்களோ ஒரே பிரயாணத்தில் படகின் விலையைத் தேற்றிவிடும் பேராசையில், கூண்டில் கோழிகளை அடைப்பது போல் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக அடைத்தார்கள்.

முன்பெல்லாம் ஹாஜி ஒருவருக்கு ஏழரை தீனார் வரி பிடுங்கப்பட்டது. கொடுக்க இயலாதவர் சித்திரவதைப்பட்டார். ஸலாஹுத்தீன் அந்த வரியை ஒழித்து, அதற்கு ஈடாக மக்கா அமீருக்கு இரண்டாயிரம் தீனாரும் இரண்டாயிரம் இர்தப் கோதுமையும் நிர்ணயித்தார். அந்தத் தொகை வரத் தாமதமானபோது, ஹாஜிகள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்ற பிறகே மக்காவுக்குள் விடப்பட்டார்கள்.

மக்காவில் எட்டு மாதத்துக்கும் மேல் தங்கினார்கள். ஹரம் ஷரீபின் தூண்களையும் வாயில்களையும் எண்ணி எழுதினார்கள். ரமலானில் விளக்குகள் ஜொலிக்க, பல இமாம்களின் பின்னால் தராவீஹ் நடந்த காட்சியைப் பதிவு செய்தார்கள். 1184 மார்ச்சில் ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனா, பக்தாத், மவ்ஸில், ஹலப் வழியாகத் திமிஷ்க் சேர்ந்தார்கள்.

சிலுவைப் போர்க் காலம் அது. இருந்தும் திமிஷ்க் வணிகர்களுடன் பிராங்குகள் வசமிருந்த அக்கா துறைமுகத்துக்குச் செல்ல முடிந்தது. வழியில், பிராங்குகளின் ஆட்சியில் விளைச்சலில் பாதியும் சிறு தலைவரியும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வாழ்ந்த முஸ்லிம் குடியானவர்களைக் கண்டார்கள். முஸ்லிம் நிலப்பிரபுக்களின் கீழுள்ள குடிகள் இவர்களைப் பார்த்து ஏங்குவதையும் எழுதினார்கள். எழுதக் கசந்த உண்மைதான், என்றாலும் மறைக்கவில்லை. விலங்கிடப்பட்ட முஸ்லிம் கைதிகளையும், காலில் இரும்பு வளையத்துடன் பெண்களையும் கண்டு நெஞ்சு வெந்தார்கள். மேற்கு நாட்டுக் கைதிகளை மீட்கத் தம் செல்வத்தை அள்ளிக் கொடுத்த திமிஷ்க் வணிகர் இருவருக்காக மனம் குளிர்ந்தார்கள்.

திரும்பும் வழியில், 1184 டிசம்பரில், சிசிலித் தீவின் மெஸ்ஸீனா அருகே கப்பல் தரைதட்டி உடைந்தது. கரைசேர்க்க வந்த படகுக்காரர்கள் பெரும் கூலி கேட்டார்கள். அங்கு வந்திருந்த கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம், கூலி கொடுக்க வழியின்றித் தவித்த ஏழை முஸ்லிம்களைக் கண்டு, நூறு காசு கொடுத்து அவர்களை இறக்கச் செய்தார். மன்னர் அங்கு இல்லாதிருந்தால் முஸ்லிம்கள் அனைவரும் அடிமைகளாகியிருப்பர் என்பதையும் இப்னு ஜுபைர் நன்றியுடன் குறித்தார்கள்.

1185 ஏப்ரலில் கிரனாடா திரும்பினார்கள். 1187-இல் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்ட செய்தி கேட்டு மீண்டும் கிழக்கே சென்று வந்தார்கள். மனைவியின் மறைவுக்குப் பின் மூன்றாம் முறையும் புறப்பட்டு, ஹிஜ்ரி 614-இல் (1217) அலெக்சாந்திரியாவில் வஃபாத்தானார்கள். முதன்முதலாகச் சுங்கத்தில் அவமதிப்புக்குள்ளான அதே ஊர் அவர்களின் இறுதித் தங்குமிடமாயிற்று.

அன்பர்களே! ஓர் ஊரைப் பார்க்கும்போது இப்னு ஜுபைர் கட்டடங்களை மட்டும் எண்ணவில்லை. வழிப்போக்கனை அவ்வூர் எப்படி நடத்துகிறது என்பதையே தராசாகக் கொண்டார்கள். அதில் தம்மவர் தாழ்ந்தாலும் எழுதினார்கள். பிறர் உயர்ந்தாலும் எழுதினார்கள். இன்று விமானம் சில மணி நேரத்தில் ஜித்தா சேர்த்துவிடுகிறது. ஆனால் ஹாஜிகளிடம் பணம் வாங்கி அழைத்துச் செல்வோரும், தங்குமிடம் தருவோரும், வரிசையில் முந்தப் பார்க்கும் நாமும் அதே தராசில் நிற்கிறோம் என்பதை மறக்கலாகாது. ஹாஜியின் சுமையை இறக்கிவைத்த கைகளில் நம் கையும் ஒன்றாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.