திருமணியில் தொட்ட கை

மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களைக் காண ஆண்டுதோறும் மாணாக்கர் பலர் செங்கற்பட்டு வழியாகச் செல்கின்றனர். செங்கற்பட்டை அடுத்துத் திருமணி என்றோர் ஊர் இருப்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. கல்லில் விரல் வடித்த சிற்பியரின் கடற்கரைக்கு இத்துணை அருகில்தான், மடங்கிப்போன மனித விரல்களை நிமிர்த்தும் முயற்சிக்கு வித்து விழுந்தது. அவ்வித்தை ஏந்திச் சென்றவர் டாக்டர் பால் பிராண்ட். வலி என்பது நரம்பு விடுக்கும் செய்தி என்றும், அச்செய்தி அறுந்தவர் அடையும் கேடு வலியினும் கொடிது என்றும் மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டிய அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பிராண்ட் தமிழ் மண்ணில் பிறந்தவர். 1914ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள், கொல்லிமலையில் பணியாற்றிய ஜெஸ்ஸி, எவலின் என்னும் ஆங்கிலேயக் கிறித்தவ ஊழியர் இணையர்க்கு மகனாகத் தோன்றினார். ஒன்பதாம் அகவையில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தையார் மலைக்காய்ச்சலுக்கு இரையானார். அன்னையாரோ 1974இல் தாம் மறையும் வரை தமிழகத்து மலைவாழ் மக்களுக்கே தொண்டு செய்தார். இளைஞரான பிராண்ட் முதலிற் கற்றது மருத்துவமன்று. தச்சும் கட்டடக் கலையும் ஆகும். பின்னரே லண்டனில் மருத்துவம் பயின்று, உலகப் போரின் குண்டுவீச்சுக்கு ஆளானோரின் காயங்களிடையே அறுவை மருத்துவராக உருவானார். உளி பிடித்த பயிற்சி வீண்போகவில்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டும்.

1946இல் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டில், தொழுநோய் வல்லுநரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைத் திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். காக்ரேன் தோல்நோய் மருத்துவர். தோலில் தோன்றும் திட்டுகளைக் காட்டி விளக்கிக்கொண்டே நடந்தார். பிராண்டின் கண்களோ நோயாளிகளின் கைகளையே நாடின. அவை ஏன் இவ்வாறு முடங்கின என்று வினவியபோது, அதனை ஆராய வேண்டிய எலும்பு மருத்துவர் ஒருவர்கூட இதுவரை இப்பக்கம் திரும்பவில்லையே எனக் காக்ரேன் வருந்தினார். அவ்வேளையில் இளைஞர் ஒருவர் தம் செருப்பின் வாரைக் கழற்ற இயலாமல் தவிப்பதைப் பிராண்ட் கண்டார். அருகணைந்து தம் கையை அவர் கைக்குள் வைத்து, இயன்ற மட்டும் இறுக்குமாறு வேண்டினார். பிடி இரும்பென இறுகியது. வலி தாளாது கையை விடுவித்துக்கொள்ள நேர்ந்தது. அக்கணமே ஓர் உண்மை புலனாயிற்று. செயலற்றுப்போனது என்று எல்லோரும் கைவிட்ட கையில், வலிமை மிக்க தசைகள் உயிரோடிருந்தன. இறுக்கியவர்க்கோ தாம் பிறரை நோகச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை.

எந்த நரம்பு எங்கே கெடுகிறது என்றறிய வேண்டும். அதற்கும் செங்கற்பட்டே களமாயிற்று. இங்கு உயிர்நீத்த நோயாளி ஒருவரின் உடலை, நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து பிராண்ட் இரவோடிரவாக ஆராய்ந்தார். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலுக்கு அண்மையில் ஓடும் பகுதிகளில் மட்டும் நரம்புகள் வீங்கியிருந்தன. உடலின் குளிர்ந்த பகுதிகளையே தொழுநோய்க் கிருமி விரும்பித் தாக்குகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. முன்கையின் மேற்புறத் தசைகளுக்குச் செல்லும் நரம்புக் கிளைகள் தப்பிவிடுகின்றன. ஆகவே அத்தசையின் நாண் ஒன்றைப் பிரித்து விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்று அவர் துணிந்தார். 1948 முதல் வேலூரில் அவ்வறுவைகள் நடந்தன, விரல்கள் நிமிர்ந்தன. நிமிர்ந்த கையோடு ஊருக்குச் சென்றவர்க்கு வேலை தருவார் இல்லை. பிச்சையும் முன்போல் விழவில்லை. பழைய தச்சுத்தொழில் அப்போது கைகொடுத்தது. நவ ஜீவ நிலையம் என்னும் சிற்றூரை அமைத்து, குணமானோர்க்குக் கைத்தொழில் கற்பித்தார்.

ஆயினும் புதிதாய்ச் செப்பனிட்ட விரல்கள் மீண்டும் தேய்ந்தன. நோய் விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்பது உலகோர் நம்பிக்கை. பிராண்ட் அதனை ஏற்காது, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை எடுத்தது, கோணலான பிடியை அழுத்தித் திருகியது, செருப்பினுள் ஆணி குத்தியதறியாமல் நடந்தது எனக் காரணங்கள் வெளிப்பட்டன. உறங்கும்போது எலி கடித்தது என்பதும் அவற்றுள் ஒன்று. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகள் பூனை ஒன்றையும் உடன் கொண்டுசெல்ல ஏற்பாடாயிற்று. நூற்றாண்டுகளாகத் தொழுநோயின் மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைத்த இவ்வாராய்ச்சியையே அவர்தம் செயல்களுள் தலையாயதென நாம் கருதுகிறோம்.

ஒருமுறை பயணக் களைப்பில் காலுறையைக் கழற்றிய பிராண்ட், தம் குதிகாலில் உணர்ச்சியின்மையைக் கண்டு தமக்கும் நோய் தொற்றியதென்றே நம்பினார். அவ்விரவு உறக்கமின்றிக் கழிந்தது. காலையில் ஊசியால் குத்திப் பார்த்தார், வலித்தது. அவ்வலிக்காக அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வலியற்றவர்க்குச் செயற்கை வலி தர முடியுமா என்பது அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. அழுத்தத்தை அளக்கும் உணர்கருவிகளைக் கையுறையில் பொருத்தி, ஆபத்து நேர்கையில் காதில் ஒலி எழச் செய்தார். நோயாளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிந்தது, அதற்கும் அதே கதி. இறுதியில், உணர்ச்சி எஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவர்களோ மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, செய்யக் கூடாத வேலையைச் செய்து முடித்தபின் மீண்டும் இணைத்துக்கொண்டனர்! நம் விருப்பப்படி நிறுத்தக்கூடிய வலி நம்மைக் காக்காது என்றறிந்த பிராண்ட் அம்முயற்சியைக் கைவிட்டார்.

ஏறக்குறைய அக்காலத்திலேயே வேறு அறிஞர் அதே மின்சாரத்தால் வலியைத் தணிக்க முயன்றனர். இது புதிய எண்ணமன்று. முதல் நூற்றாண்டு ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின் திருக்கையை உயிரோடு வைத்துத் தலைவலிக்கு மருத்துவம் செய்தார். பேரறிஞர் இப்னு சீனாவும் இம்முறையைக் குறித்துள்ளார். நம் சோழமண்டலக் கடலிலும் மின் திருக்கை உண்டு. 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர் இதற்கொரு விளக்கம் தந்தனர். தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், தண்டுவடத்தில் வலிச்செய்திக்குரிய வாயில் அடைபடும் என்பது அவர்தம் கொள்கை. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்ப்பதும் இதனாலேயே. தோலின்மேல் ஒட்டுத் தகடுகளை வைத்து மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவி இக்கொள்கையின் வழி பரவியது.

திருமணியை நினைப்போர்க்கு இக்கருவி அயலானதன்று. தொழுநோயிலிருந்து முற்றும் குணமானோருள்ளும் சிலர்க்கு, சேதமுற்ற நரம்பு பல்லாண்டுகள் எரிச்சலாகவும் குத்தலாகவும் வலிப்பதுண்டு. நெருப்பை உணராத அதே கை, நெருப்பின்றியே எரிகிறது. வலியைக் காவலனென்று போற்றிய பிராண்டின் கருத்தை இவர்களிடம் எடுத்துரைத்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுதல் முறையாகாது. இது காவலன் குரலன்று, பழுதுற்ற மணியின் ஓசை. ஆனால் டென்ஸ் கருவி இதனை அடக்கிவிடும் என்று வாக்களிக்கவும் இயலாது. நரம்பு வலியில் அதன் பயனை உறுதிப்படுத்தத் தரமான சான்று போதாது என்று 2017இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு முடிவு கூறியது. (அப்பெயர் ஆர்ச்சி காக்ரேன் என்பவரால் வந்தது, திருமணிக் காக்ரேன் வேறு.)

பிராண்ட் 1986இல் ஓய்வு பெற்று, 2003 சூலை 8ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மறைந்தார். அவர் கைகுலுக்கிய மருத்துவமனையை 1955இல் நடுவண் அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. டென்ஸ் தகட்டை ஒட்டுமுன் இயன்முறை மருத்துவர் அவ்விடத்துத் தோலைக் கூர்முனையாலும் மழுங்கிய முனையாலும் தொட்டுச் சோதிப்பார். வேறுபாடு தெரியாத தோலில் தகட்டை வைப்பதில்லை. அங்கே மின்சாரம் சுட்டாலும் நோயாளிக்குத் தெரியாது.