உடைந்த பானையும் ஓட்டுப் பெட்டியும்

வீராணத்து நீர் பாயும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நாற்று நட்டவனும் கதிர் அறுத்தவனும் சேரிக்காரன்தான். ஆனால் ஊர்ப் பானையில் ஒரு குவளைத் தண்ணீர் அள்ள அவனுக்கு உரிமை இல்லை. அந்த மண்ணில் 1924-ல் பிறந்தவர் எல்.இளையபெருமாள்.

அவர் படித்த பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பானை வைத்திருந்தார்கள். சிறுவன் இளையபெருமாள் அதை உடைத்தார். புதுப் பானை வந்தது, அதையும் உடைத்தார். வளர்ந்தபின் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சேரி மக்களைச் சொல்ல வைத்தார். ஆண்டைகளின் உருட்டலுக்கும் மிரட்டலுக்கும் அவர் அஞ்சவில்லை.

1952-ல் பொதுத்தேர்தல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் சொத்துள்ளவனுக்கும் வரி கட்டியவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு. இப்போதோ வயது வந்த அனைவருக்கும் ஓட்டு! மிராசுதாருக்கும் ஒன்றுதான், அவர் வயலில் உழைத்தவனுக்கும் அதே மதிப்புத்தான். கடலூர் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. அதன் தனி இடத்தில் வென்று, முப்பது வயது நிரம்புமுன்னே இளையபெருமாள் டில்லி சென்றார். 1957-ல் சிதம்பரமும் 1962-ல் திருக்கோவிலூரும் அவரை மக்களவைக்கு அனுப்பின.

அவர் நின்றது காங்கிரஸ் மேடை. நாம் நின்றது எதிர்மேடை. அதை மறைக்கவில்லை. ஆனால் ஏழை கொடுத்த ஓட்டை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது; ஊரில் இருந்ததா? அதை ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். மாநிலம் மாநிலமாகச் சென்று, கண்டதைக் கண்டபடி 1969-ல் அறிக்கையாகத் தந்தார். தம் கட்சியின் ஆட்சி ஆயிற்றே என்று பூசி மெழுகவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்றது அறிக்கை. 1970-ல் கலைஞர் அரசு அதற்கெனத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தப் பரிந்துரையையே காரணமாக எடுத்துக்காட்டியது. 1976-ல் பழைய தீண்டாமைச் சட்டமும் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. காங்கிரஸ்காரர் எழுதிய அறிக்கை. கழக ஆட்சியின் சட்டம்! கட்சிகள் மோதலாம், மக்களுக்கு வேண்டியது நடக்கும். ஜனநாயகம் என்பது இதுதான்.

1980-ல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்ற இளையபெருமாள், 2005-ல் மறைந்தார். அவர் உடைத்த பானை ஒழிந்துவிட்டதா? 2020-ல் அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்த தெற்குத்திட்டையில், ஊராட்சி மன்றத் தலைவராக மக்கள் தேர்ந்தெடுத்த தாழ்த்தப்பட்ட பெண்மணியைத் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி! படம் வெளிவந்தது, நாடு பார்த்தது, வழக்குப் பதிவாயிற்று. ஓட்டு அவரைத் தலைவராக்கியது. சாதி அவரைத் தரைக்கு அனுப்பியது.

ஆகவே தோழர்களே, ஓட்டுப் போட்டதோடு நம் கடமை தீர்ந்ததென்று வீட்டுக்குப் போய்விடலாகாது. பட்டியலில் நம் தெருவின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்போம். கைக்கு வரும் நோட்டைத் தள்ளுவோம். மே 1 நமக்குக் கொடியேற்றும் நாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. கொடியை ஏற்றிவிட்டுச் சபைக்குப் போவோம், கணக்குக் கேட்போம். தலைவர் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்ப்போம். இல்லையென்றால், அவர் எந்தக் கட்சியானாலும், நாற்காலி வரும்வரை கூட்டம் நடக்க விடமாட்டோம்.

பள்ளிச் சிறுவன் ஒருவன் தனியாகச் செய்தான். நாம் பல்லாயிரம் பேர் இருக்கிறோம்.