எலும்பிலிருந்து மருந்து

வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ரே 1861ஆம் ஆண்டு வங்காளத்தின் ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் வங்கதேசத்தில் உள்ளது. எடின்பரோவில் பயின்று 1887இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1889இல் கொல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். அக்காலத்தில் ஆங்கில மருந்துகள் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தன. அவற்றை இம்மண்ணிலேயே செய்ய அவர் உறுதிபூண்டார்.

இறைச்சிக் கடைகளில் கழித்த மாட்டெலும்புகளை வாங்கித் தம் வீட்டு மாடியில் உலர்த்தினார். நாற்றம் தாங்காத அண்டை வீட்டார் சினந்தனர். அவரோ முயற்சியைக் கைவிடாமல், எலும்புகளை வேறிடத்திற்குக் கொண்டுசென்று எரித்தார். எஞ்சிய சாம்பலில் மிகுந்திருந்தது கால்சியம் பாஸ்பேட். அதனுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தபோது, கால்சியத்தின் பெரும்பகுதி வீழ்படிவாகப் பிரிந்தது. அமிலக் கரைசல் மேலே நின்றது. அக்கரைசலில் காரத்தன்மையுள்ள சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தார். கரியமில வாயு நுரைத்து வெளியேறியது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணிக்க, சோடியம் பாஸ்பேட் என்னும் உப்பு உருவாயிற்று. அவ்வுப்பு மருந்தாகப் பயன்பட்டது.

வகுப்பிலும் அவர் செய்துகாட்டியே கற்பித்தார். எலும்புச் சாம்பலைச் சிறிது எடுத்து, மாணவர் வியக்கத் தம் வாயிலிட்டார். தீயில் நன்கு வெந்த எலும்பு வெறும் வேதிப்பொருளே என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

சிறு முதலில் தொடங்கிய அம்முயற்சி, 1901இல் பெங்கால் கெமிக்கல் என்னும் நிறுமமாக வளர்ந்து பலருக்கு வேலை தந்தது. அறுபது வயதுக்குப்பின் தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கிய ரே, 1944இல் மறைந்தார். அந்நிறுவனம் இன்றும் கொல்கத்தாவில் மருந்து செய்துவருகிறது.