சங்கிலி பிடித்த லாம்டன்

போன வாரம் நம்ம ஸ்கூல் மொட்டை மாடியில் கயிறும் பெரிய பாகைமானியும் வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றோம்னு நிறைய பேர் கேட்டீங்க. ஆறாங்கிளாஸ் பசங்க பட்டம் விடறோம்னு நினைச்சு ஓடி வந்தாங்க. பட்டம் இல்லை. ஹார்பர் கிரேன் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று, ஹார்பர் கேட்டைத் தாண்டாமலே கண்டுபிடிக்கச் சொன்னார் எங்க சமூக அறிவியல் சார்.

வழி இதுதான். மாடியில் 50 மீட்டர் கோடு போடணும். இந்த முனையில் நின்று கிரேனைப் பார்த்து ஒரு கோணம், அந்த முனையில் நின்று ஒரு கோணம். பிறகு கிராஃப் தாளில் முக்கோணம் வரைந்தால் தூரம் வந்துவிடும். எங்க குழுவுக்கு இரண்டு பக்கமும் 88 டிகிரி வந்தது. தூரம் 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இன்னொரு குழுவுக்கு ஒரு பக்கம் 88, மறுபக்கம் 89. அவங்க கணக்கில் தூரம் 950 மீட்டர்! ஒரே ஒரு டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசமா என்று ஒரே சண்டை. யார் சரி என்று சார் சொல்லவே இல்லை. வில்லியம் லாம்டன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மீதியை நான் லைப்ரரியில் படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து வட அமெரிக்காவில் பல வருஷம் இருந்தார். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. (கிரகணத்தன்று மாடிக்கு ஓடுகிறவர்கள் கவனிக்கவும்.) உலகத்திலேயே பெரிய நில அளவை வேலையை ஆரம்பித்தவர் ஒற்றைக் கண்ணர் என்பதை என்னால் முதலில் நம்ப முடியவில்லை.

1799-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஓர் இரவு அவருடைய படை வழி தவறி எதிரியின் பக்கமே நடந்தது. லாம்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து, தெற்கே போகிறோம், தப்பு என்றார். தளபதி பெயர்டு கேட்கவில்லை. அப்புறம் திசைகாட்டியைப் பார்த்தால் லாம்டன் சொன்னதே சரி.

போர் முடிந்ததும் கம்பெனிக்குப் புது நிலம் கிடைத்தது. அதை அளக்க வேண்டும். இதை மறைக்கக் கூடாது. வரி வசூலிக்கவும் படை நடத்தவும்தான் அவர்களுக்கு வரைபடம் தேவைப்பட்டது. ஆனால் லாம்டன் மனதில் வேறொன்றும் இருந்தது. பூமியின் உண்மையான வடிவத்தையே அளக்க நினைத்தார்.

1802 ஏப்ரல் 10. இடம் எங்கேயோ இல்லை, நம்ம பரங்கிமலைதான். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஏழரை மைலுக்கு அடிக்கோடு அளந்தார்கள். 100 அடி நீள எஃகுச் சங்கிலி. 40,000 அடிக்கு 400 தடவை நீட்ட வேண்டும். தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை மட்டமாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் பக்கத்திலேயே வெப்பமானி. நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில்! நாங்க 50 மீட்டர் கயிறு பிடிக்கவே நிழல் தேடினோம்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி லண்டனில் செய்தது, எடை அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டு போய்விட்டது. பிறகு அவர்களே மரியாதையாக மெட்ராசுக்கு அனுப்பி வைத்தார்கள்.

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணங்கள் மங்களூர்க் கரை வரை போனபோது பெரிய ஆச்சரியம். பழைய வரைபடத்தில் மெட்ராசுக்கும் மங்களூருக்கும் 400 மைல். லாம்டன் கணக்கில் 360 மைல்தான். 40 மைல் நிலம் காணோம்! அந்தத் தூரத்துக்கு நாம் செங்கல்பட்டையே தாண்டிவிடலாம்.

1808-ல் தஞ்சாவூர். அங்கே மலை கிடையாது. அதனால் கோயில் உச்சிகளில் ஏறி அளந்தார்கள். பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. வேறொருவர் என்றால் அழுதிருப்பார். லாம்டன் கருவியைக் கழற்றினார், பலகையில் சரியான வட்டம் வெட்டினார், ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து நெளிந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஆறு வாரம். கிட்டத்தட்டப் பழைய வடிவம் வந்தது. நாங்க ஒரு டிகிரிக்கே சண்டை போட்டோம். அவர் ஒரு டிகிரியில் சின்னத் துண்டுக்காக ஆறு வாரம் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். எங்க தாத்தா காசிமேட்டில் மீன்பிடித் தொழில் பார்த்தவர். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்டா என்று சிரித்தார். அப்போது ஜி.பி.எஸ். கிடையாது. கடலில் இருந்து பார்க்கும்போது கரையில் எந்தக் கட்டடத்துக்கு நேரே எது வருகிறது என்று இரண்டு பக்கம் பார்த்துத்தான் மீன் கிடைத்த இடத்தை மறுபடி பிடிப்பார்களாம். காகிதம் மட்டும்தான் இல்லை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சங்கிலி தூக்கியவர்கள், குன்றுகளில் கொடி பிடித்து நின்றவர்கள் எல்லாம் நம்ம ஊர் ஆட்கள். நான் படித்த புத்தகத்தில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. 1819-ல் லாம்டனின் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் தெலுங்கு தேசத்துக் காடுகளில் அளந்தபோது காய்ச்சல் வந்து சிலர் செத்தே போனார்கள். எவரெஸ்டுக்கு உலகத்திலேயே உயரமான சிகரம் கிடைத்தது. லாம்டனுக்கு அந்த அளவுக்குப் பேர் கிடைக்கவில்லை.

குமரியில் இருந்து வடக்கே அளந்துகொண்டே போன லாம்டன், 1823 ஜனவரி 20-ல் நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். வேலை பாதியில்தான் நின்றது. கல்லறையும் அங்கேயே. அவருடைய மார்பளவுச் சிலை பரங்கிமலை மேலே இருக்கிறது.

அடுத்த மாதம் சார் எங்களை அங்கே கூட்டிப் போகிறார். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் நேரே பரங்கிமலை. வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். அதற்குள் கிரேனை மறுபடி அளக்கிறோம். இந்தத் தடவை ஒவ்வொரு கோணமும் பத்து பத்து முறை.

– 9ஆம் வகுப்பு, ஆ பிரிவு